நல்லா இருங்க மச்சான்

என் மச்சான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்திருந்த நான், அதைக் கேட்டுக்கொண்டே எழுந்திருக்காமல் இருந்தேன். காதில் விழவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். ஒவ்வொரு கூப்பாடும் காதில் விழுந்தது. விழ விழ உள்ளுக்குள் இனித்தது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவை எல்லாம் இது எப்படி நடந்தது என்று சொல்வதற்காக, என்னை மன்னிக்கச் சொல்வதற்காக அல்ல.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். எங்கள் பக்கத்தில் அவரும் எனக்கு மச்சான், நானும் அவருக்கு மச்சான். ஒரே சொல்தான் இரண்டு பக்கமும் போய்வரும். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கடலூரில் இருந்துகொண்டு, தினமும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய், கல்லூரியில் வரலாறு நடத்தியவன். என் படிப்பின்மேல் அவருக்கு மரியாதை உண்டு; ஆனால் அதைக் கிண்டலாகத்தான் காட்டத் தெரியும். வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்னா மச்சான், செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா? எல்லாரும் ஆப்செண்ட்டுதானே?"

பேச்சுதான் அவர் உயிர். பேச ஆள் இல்லையென்றால் தொலைக்காட்சியில் விவாதம் செய்கிறவர்களோடு பேசுவார். பேச்சுக்கு அடுத்து அவருடைய பெருமை அவர் மூக்கு. தொழிற்சாலையில் எந்தக் குழாய் கசிகிறது என்று கருவி காட்டுமுன்பே சொல்லிவிடுவாராம். "மீட்டரு பொய் சொல்லும் மச்சான், மூக்கு சொல்லாது" என்பார். எனக்கோ கொரோனா வந்துபோனதிலிருந்து வாசனையே தெரியாது. சாம்பார் தீய்ந்தாலும் அப்பாவுக்குத் தெரியாது என்று என் மகள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

என் மனைவி போன நாளோடு அந்தச் சிரிப்பெல்லாம் முடிந்தது. அன்று காலையில் அவள், "மாரு ஒரு மாதிரியா அழுத்துதுங்க" என்றாள். "கேஸா இருக்கும். சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு நான் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். ஓய்வு பெற்ற பிறகும் கருத்தரங்கு என்று கூப்பிட்டால் போய்விடுவேன். மேடையில் பெயர் போட்ட பலகை வைப்பார்கள், அந்த ஆசை. கூட்டம் நடக்கும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். உயிர் இல்லை. தேநீர் இடைவேளையில்தான் போனைப் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கருமாதி அன்று பந்தியில் இலை போட்டாகிவிட்டது. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் இலைக்கு முன்னால் உட்காராமல் நின்றார். வழக்கமாகக் கத்திப் பேசுகிறவர், அன்று கத்தவில்லை.

"என் தங்கச்சி கூப்பிட்டா. இவரு வரல. அவ்ளோதான். நான் வேற ஒண்ணும் சொல்லல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நல்லா இருங்க மச்சான். நல்லா இருங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் முடிந்து காலில் விழுகிற ஜோடிக்குப் பெரியவர்கள் சொல்வதும் இதே சொல்தான். சண்டை போட்டுவிட்டுப் படியிறங்கும்போது சொல்வதும் இதே சொல்தான். நாசமாய்ப் போ என்றால் பதிலுக்குத் திட்டலாம். நல்லா இருங்க என்றால் என்ன பதில் சொல்வது? வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் நின்றேன். இலைகளுக்குமேல் ஈ மொய்த்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் இலையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவரும் நானும் பேசவில்லை. ஆனால் என் மனத்தில் நான் அவரோடு பேசாத நாளே இல்லை. குளிக்கும்போதும் நடக்கும்போதும் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன். அவர் பதில் தெரியாமல் தலைகுனிவார். இன்னும் நன்றாகக் குனியட்டும் என்று கேள்வியை மாற்றிக் கேட்பேன். பந்தியில் அத்தனை பேர் முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதாகவும், நான் கேட்காததுபோல நடந்து போவதாகவும் ஒரு காட்சி. அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அலுக்காது. தூக்கம் கெட்டது. ரத்த அழுத்தம் ஏறியது.

சிதம்பரத்தில் குடித்தனம் இருக்கும் மகள்தான் என்னைத் தியான முகாமுக்கு அனுப்பினாள். புதுச்சேரி போகும் வழியில் சவுக்குத் தோப்புக்குள் சின்னதாக ஓர் இடம். பௌத்த முறையில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் முன்பு ரயில்வேயில் இருந்தவராம். சட்டையை வேட்டிக்குமேல் தொங்கவிட்டுக்கொண்டு, அறிவிப்புச் செய்வதுபோலப் பேசுவார்.

"மூச்சு வருது, போவுது. அதப் பாருங்க. நடுவுல காக்கா கத்தும். கத்துனா 'சத்தம், சத்தம்'னு மனசுல குறிச்சுக்குங்க. நல்ல சத்தம், கெட்ட சத்தம்னு பாக்காதீங்க. எழுந்து போயி காக்காவ வெரட்டாதீங்க. அது வந்த மாதிரியே போயிடும்."

எனக்கு அது நன்றாகப் பிடிபட்டது. படித்தவன் அல்லவா, எந்த வித்தையையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். கால் வலித்தால் வலி, வலி. கோபம் வந்தால் கோபம், கோபம். தூக்கம்கூடக் கொஞ்சம் வந்தது.

இரண்டாவதாக மைத்திரி தியானம். முதலில் நான் நன்றாக இருக்க வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு பிரியமானவருக்கு, பிறகு முன்பின் தெரியாதவருக்கு, கடைசியாகப் பகைவருக்கு. கண்ணை மூடிப் பகைவரை முன்னால் நிறுத்தி "நல்லா இருங்க" என்று மனமாரச் சொல்லச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பகைவனுக்குச் சொல்வதே அதுதானே! முகாமில் பேசக் கூடாது என்பதால் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்தது, கூர் தீட்டின கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்ததுபோல.

மச்சானுக்குப் பக்கவாதம் வந்த செய்தி கேட்டபோது நான் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். மனத்தில் முதலில் எழுந்தது என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பயிற்சி இருந்தது. மகிழ்ச்சி, மகிழ்ச்சி.

வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. எல்லாம் புரிந்தது, சொல்லத்தான் வரவில்லை. சில பேருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர். அவருக்கு மிஞ்சிய சொல் "மச்சான்". தண்ணீருக்கும் அதுதான், சிறுநீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். நர்ஸைப் பார்த்தும் மச்சான் என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி முன்பே போய்விட்டாள். மகள் தன் மாமாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகத் தயாரானாள்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயாப்பா?"

"ஏன், எனக்கு மச்சான்தானே?"

அவள் அழுதுவிட்டாள். தியானம் அப்பாவை மாற்றிவிட்டது என்று தன் கணவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். கூப்பிட்டால் வராதவன் என்று ஊர் முன்னால் சொன்ன வாயில் இனி ஒரே சொல்தான் இருந்தது. அந்தச் சொல் என்னைக் கூப்பிடுகிற சொல். சாகிறவரை என்னை அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வருவதும் வராததும் என் கையில். இதைவிட நல்ல பழி எந்த ராஜாவுக்கும் வாய்த்ததில்லை என்று நினைத்தேன்; ராஜாக்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

கூடத்தில் சமையலறையை ஒட்டிக் கட்டில் போட்டேன். குறை சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டேன். புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தேன். வெந்நீரில் துடைத்துப் பவுடர் போட்டேன். கேழ்வரகுக் கஞ்சியைக் கட்டியில்லாமல் காய்ச்சி, புரை ஏறாமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றி நாலு எட்டு நடக்கவும் பழக்கினேன். நோயில் கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரே தம் கையால் கழுவித் துடைத்த கதையை முகாமில் சொல்லியிருந்தார்கள். அவரைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் கதை நினைவுக்கு வரும். அதில் நான் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் பேச மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேச்சே உயிராக இருந்த மனிதருக்குப் பேச்சைக் காட்டாமல் வைத்தேன். அதற்கு மௌன விரதம் என்று பெயர் வைத்தேன். தொலைக்காட்சியை உள்ளறைக்கு மாற்றினேன்; சத்தம் நோயாளிக்கு ஆகாது என்றேன். அவர் "மச்சான்?" என்று கேள்விபோல இழுப்பார். வெளியே என்ன நடக்கிறது, மழை வருமா, எலெக்‌ஷன் என்னாச்சு, எதுவாகவும் இருக்கலாம். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பார்க்க வந்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த அவருடைய சித்தி மகள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்த நாங்ககூட இப்டிப் பாக்க மாட்டோம் மாமா. கொழந்தையாட்டம் இல்ல வச்சிருக்கீங்க! ஏண்ணா, உனுக்குக் குடுத்துவச்சிருக்கு ஜாஸ்தி. அன்னிக்கு என்னென்னா பேசின! இப்போ பாரு!"

மச்சான் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தெரியாதவனிடம் பழி வாங்கி என்ன பயன்?

நான் வாயைத் திறப்பது காலையில் ஒரு முறைதான். விடிந்ததும் அவர் காதருகே குனிந்து, மென்மையாக, "நல்லா இருங்க மச்சான். நல்லா இருங்க" என்பேன். மைத்திரி தியானம். ஒருநாள் தங்கியிருந்த மகள் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டார். "கூச்சமா இருக்கு பாரு மாமாவுக்கு" என்றாள் அவள்.

அது முடிந்ததும் என் நேரம். "மாமாவப் பாத்துக்கறது சரி, ஒன்னையும் பாத்துக்கப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். தன்னைப் பேணாதவன் பிறரைப் பேண முடியாது என்று முகாமிலும் சொன்னார்கள். ஆகவே காலையில் ஒரு மணி நேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். போனில் மணி அடிக்கிறவரை எழமாட்டேன். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அவருக்குச் சிறுநீர் முட்டும். அது எனக்குத் தெரியும். உட்காருமுன் பாத்திரத்தை வைத்துப் பிடித்துவிட்டு வரலாம். வர மாட்டேன்.

"மச்சான்."

சத்தம்.

"மச்சான்... மச்சான்..."

சத்தம், சத்தம். எழுகிறது, மறைகிறது.

மூச்சு சீராக வந்துபோகும். நனைந்த துணியை மணி அடித்த பிறகு முகம் சுளிக்காமல் மாற்றுவேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தால் அதையும் துடைத்துவிடுவேன். இவ்வளவு அமைதியாக நான் வாழ்நாளில் இருந்ததில்லை. அந்த அமைதி பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. வெறுப்பு முழுமையாக இருந்தால் அதற்குள்ளும் ஓர் அமைதி இருக்கிறது. அதைத்தான் நான் தியானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பாலை அடுப்பில் சிறு தீயில் வைத்துவிட்டு, மறந்துபோய், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தார். வழக்கமான கூப்பாடு இல்லை அது. சிறுநீருக்குக் கூப்பிடும்போது குரல் இறங்கி, வெட்கத்தோடு இருக்கும். இது மேலே ஏறியது. "மச்சான்! மச்சான்! மச்சான்!" ஆலையில் அபாயச் சங்கு ஊதியதும் ஆட்களை வெளியே விரட்டுகிறவர் குரல். வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். கெஞ்சட்டும், இன்றைக்குக் கூடுதலாகக் கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். சத்தம், சத்தம். இன்பம், இன்பம். அதையும் நேர்மையாகக் குறித்துக்கொண்டேன்.

பிறகு கூப்பாடு நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. கடைசியில் அரிசி மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம்.

அதற்கும் ஒருமுறை "சத்தம்" என்று குறித்தேன். மணி அடித்த பிறகே எழுந்தேன்.

வழக்கம்போல ஊதுபத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சமையலறை வாசலில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். இடது கை மேடைக்கு அடியில் நீண்டு, சிலிண்டரின் ரெகுலேட்டரைப் பிடித்தபடி இருந்தது. அது மூடியிருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. அடுப்பின் குமிழ் திறந்தே கிடந்தது. எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. என் கையில் தீப்பெட்டி. அவர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை நேரமும் அவர் தனக்காகக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். "அப்பா, மாமா கூப்பிட்டிருப்பாரே. ஒனக்குக் கேக்கவே இல்லியா?"

"தியானத்துல ஆழ்ந்துட்டேம்மா. கேக்கல."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மச்சானுக்கு அது கேட்டது. மறுத்துச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நடந்து, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் சவுக்குத் தோப்புக்குப் போனேன். ரயில்வேக்காரர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், இன்பம் என்று குறித்துக்கொண்டது உட்பட. பெரிதாக ஏதாவது சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் காக்கானுதானே சார் சொன்னேன்?"

அவ்வளவுதான். மடையைத் திருப்பிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மச்சானை மகள் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். வடக்கு வீதிக்குப் பின்னால், சந்துக்குள் வீடு. நான் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். மகளையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். தனியாக அவரிடம் மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்று பட்டது.

"எனக்குக் கேட்டுச்சு மச்சான். எல்லாமே கேட்டுச்சு. அன்னிக்கு மட்டும் இல்ல, எல்லா நாளும் கேட்டுச்சு. ஒங்களப் பழி வாங்கத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். காலையில சொன்னேனே நல்லா இருங்கன்னு, அதுவும் அந்த நல்லா இருங்கதான்."

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஒன்றும் அவருக்குப் புதிய செய்தி இல்லை. மகளுக்குத்தான் புதியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அப்போ அம்மா கூப்பிட்டது?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மச்சான்கூட, "இவரு வரல" என்றுதான் சொன்னார், தெரிந்தும் வரவில்லை என்று சொல்லவில்லை.

"மொத தடவ கூப்பிட்டப்போ பாத்தேன். மேடையில இருந்தேன். போனைக் கவுத்து வச்சேன்."

சொல்லிவிட்டேன். மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஓசை கேட்டது. மச்சான் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மச்சான்."

கத்தவில்லை. கருமாதி அன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு "நல்லா இருங்க" என்று சொன்ன அதே குரல், அதே இறக்கம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொல்லிவிட்டார். நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அவருக்குச் சொல் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். என் மகளை மச்சான் என்கிறார். அவள் "என்னா மச்சான், கஞ்சியா, காப்பியா?" என்று பதில் கொடுக்கிறாள். பால்காரர் மச்சான். முடி வெட்ட வருகிறவர் மச்சான். தொலைக்காட்சியில் கை நீட்டிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மச்சான், சிலர் கெட்ட மச்சான். ஜன்னலில் வந்து உட்காரும் பூனையைக்கூட மச்சான் என்று கொஞ்சுகிறார். நான் அறைக்குள் நுழைந்தால் வாய் மூடிக்கொள்கிறது. தாகம் எடுத்தாலும் சரி, வலித்தாலும் சரி, நான் இருக்கும்வரை கூப்பிட மாட்டார். எனக்கு மட்டும் அந்தச் சொல் இல்லை. பழி என்றால் இதுதான் பழி. நான் செய்ததெல்லாம் கற்றுக்குட்டி வேலை.

சில நாள் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் வரும். இவ்வளவு தூரம் வந்து, துடைத்து, ஊட்டி, ஒரு பார்வைகூட இல்லையா என்று. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பழைய பகை முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

ஆனாலும் போகிறேன். மகள் என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். வராதே என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதை விட்டுவிட்டேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அவர் கூப்பிட மாட்டார் என்பதால் நான்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உதடு உலர்ந்தால் தண்ணீர். இடது கட்டைவிரல் போர்வையைத் தேய்க்க ஆரம்பித்தால் சிறுநீர். புருவம் நெரிந்து மூச்சு பாதியில் நின்று வந்தால் இடுப்பு வலி. தலையணையை மாற்றி வைக்க வேண்டும். பாதி நாள் தப்பாகத்தான் கண்டுபிடிக்கிறேன். தண்ணீருக்குச் சிறுநீர்ப் பாத்திரத்தை நீட்டினால் அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். கல்லூரியில் எந்த மாணவனையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர் மூச்சைப் பார்க்கப் பார்க்க என் மூச்சும் அதோடு போகிறது, வருகிறது. இது தியானமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் யாரிடமும் போகவில்லை.

கிளம்பும்போது "நல்லா இருங்க" என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நாங்களே பாழாக்கிவிட்டோம். "போயிட்டு வரேன் மச்சான்" என்கிறேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரம் நல்ல வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருந்தேன். மகள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணசந்துவிட்டேன். டம்ளர் சாய்ந்திருக்கிறது. சுடச்சுட மடியில் கொட்டுவதற்குள் ஓர் ஓசை கேட்டு விழித்துக்கொண்டேன்.

"ச்சு!"

நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தட்டுகிற ஓசை. வண்டி மாட்டை ஓட்டுகிறவர்கள் செய்வது. வகுப்பில் தூங்குகிறவனைப் பார்த்து நானும் செய்திருக்கிறேன். டம்ளரை நிமிர்த்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலில் இருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவேளை அதைத்தான் எழுப்பினாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்தேன். அவர் உதடு உலர்ந்திருந்தது; எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.